சொந்தக் காரணம்

ஜூன் 3, திங்கள்

தண்ணீர் மோட்டார் காலையிலிருந்து உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக் நாளைக்கு வருவதாகச் சொன்னார். நேற்றும் நாளைக்கு என்றுதான் சொன்னார்.

பல்கலைக்கழகத்திலிருந்து போன். தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்காக நான் எழுதிய பேரியல் பொருளாதாரப் பாடநூலைத் திருத்தித் தர வேண்டுமாம். ஏழாம் அத்தியாயத்தில், பணமும் வங்கியும் என்ற பாடத்தில், உதாரணங்கள் பழையவையாக இருக்கின்றனவாம். "மாட்டுவண்டியெல்லாம் வருது சார். இப்ப உள்ள பிள்ளைகளுக்குப் புரியாது" என்றார் அந்தத் தம்பி. மாட்டுவண்டி ஒரே இடத்தில்தான் வருகிறது. எடுத்துவிடலாம்.

சனிக்கிழமை என் மனைவி செண்பகத்தை மதுரைக்கு அழைத்துப்போய் எடுத்த பரிசோதனைக்கு இன்று ரிப்போர்ட் வந்தது. மார்பில் உள்ள கட்டியை எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். பதினைந்தாம் தேதி ஆபரேஷன். எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் மேற்கொண்டு சொல்ல முடியுமாம். சின்ன வேலைதான் என்று செண்பகத்திடம் சொன்னேன். "நீங்க சொல்லுதீக. டாக்டர் அப்பிடிச் சொல்லலியே" என்றாள்.

அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். ஊரில் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. "தெரிஞ்சா ஒவ்வொருத்தரா ஹார்லிக்ஸ் பாட்டிலத் தூக்கிட்டு வந்து உக்காந்து, இதே வியாதியில செத்துப்போன அவுக அத்தை கதையச் சொல்லுவாக. நான் ஆபரேஷனுக்குப் போறதா, அந்தக் கதைக்கெல்லாம் உம் கொட்டுறதா?" சரி என்றேன். ஊரில் இல்லாத நாட்களுக்குக் காசிக்குப் போயிருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பதும் அவள் ஏற்பாடுதான்.

ஏழாம் அத்தியாயம் ஒன்றரைப் பக்கம்.

ஜூன் 4, செவ்வாய்

சங்கத்துக்குப் போய் வைப்புத்தொகையை எடுத்து வந்தேன். ஓய்வு பெற்றபோது போட்ட பணம். காப்பீட்டுப் பணம் பின்னால் வரும். ஆஸ்பத்திரிக்கு முன்பணம் முன்னால் வேண்டும்.

சங்கம் என்றால் எங்கள் ஊர்ச் சேமிப்புச் சங்கம். கடலைமிட்டாய்க் கம்பெனி முதலாளிகள், அங்கே வேலை பார்க்கும் பெண்கள், கடைக்காரர்கள், ஆசிரியர்கள் எல்லோரும் பணம் போடுவதும் கடன் வாங்குவதும் அங்கேதான். செயலாளர் ஆவுடையப்பன் என் பழைய மாணவன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நன்றாகப் படித்தவன்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கெடுவுக்கு முன்னால் வைப்புத்தொகையை எடுப்பவர் விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும். அங்கத்தினர் இரண்டு பேர் அதை வாசித்துவிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா பெயரில் உள்ள பணத்தைப் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடாமல் இருக்க எப்போதோ வைத்த விதி. எல்லோரும் 'மகள் கல்யாணம்', 'வீடு பராமரிப்பு' என்று எழுதுவார்கள். நான் 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். சாட்சிக்கு டீக்கடைக்காரரும் கடலைமிட்டாய்க் கம்பெனி பால்பாண்டியும் அகப்பட்டார்கள். பால்பாண்டி அதை இரண்டு தடவை வாசித்தார்.

"முழுசையுமா எடுக்கீக சார்?"

"முழுசையும்தான்."

"சொந்தக் காரணம்னா?"

"சொந்தக் காரணம்தான்."

மிக மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். பணத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்து வந்தேன். ஆட்டோவில் வந்திருக்கலாம்.

ஜூன் 5, புதன்

மோட்டார் சரியாயிற்று. பக்கத்து வீட்டுச் சங்கரவடிவு கங்கைத் தீர்த்தம் கேட்டாள். கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறோம். மதுரையில் விற்கிறார்கள்.

"திரும்பி வந்துருவீகள்லா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"வராம?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

மாட்டுவண்டியை எடுத்துவிட்டு உள்ளூர் உதாரணம் ஒன்று எழுதினேன். ஒருவர் சங்கத்தில் நூறு ரூபாய் போடுகிறார். சங்கம் பத்து ரூபாயைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தொண்ணூறை மிட்டாய்க் கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறது. கம்பெனி அதற்குக் கடலை வாங்குகிறது. கடலை விற்றவர் அந்தத் தொண்ணூறைச் சங்கத்திலேயே போடுகிறார். இப்போது கணக்கில் நூற்றுத் தொண்ணூறு இருக்கிறது, பெட்டியில் நூறுதான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஊர் வளர்வதே இப்படித்தான். நல்ல உதாரணமாகப் பட்டது. செண்பகத்திடம் வாசித்துக் காட்டினேன். "தொண்ணூறு ரூபாய்க்குக் கடலை எவன் தாரான்?" என்றாள்.

ஜூன் 6, வியாழன்

சாயங்காலம் ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தான். செண்பகம் கோயிலுக்குப் போயிருந்தாள். காபியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், காசிக்குப் போறீகளா?"

"ஆமா."

"முழுப் பணத்தையும் எடுத்துக்கிட்டா?"

"அங்க விலைவாசி கூடுதல்" என்றேன்.

"நேத்து ஏழெட்டுப் பேரு வந்து வைப்புத்தொகைய எடுத்தாக. இன்னைக்கு அதுக்கு மேல. காரணத்துக்கு நேரே எல்லாரும் 'சொந்தக் காரணம்'னு எழுதுதாக சார். எழுதத் தெரியாதவுக பக்கத்துல நிக்கவுகள எழுதச் சொல்லுதாக."

"எதுக்காம்?"

"பொருளாதாரம் படிச்ச சாரே எடுத்துட்டாரு, ஊரை விட்டும் போறாரு, அவருக்கு என்னமோ தெரிஞ்சிருக்குன்னு பேச்சு. எதுக்கு எடுத்தீகன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீகன்னா அடங்கிரும்."

"சொல்ல முடியாதுப்பா."

"எங்கிட்ட மட்டுமாவது?"

"அதுவும் முடியாது."

காபியைக் குடித்துவிட்டுப் போனான். ஆறியிருக்கும். ஒரு சங்கம் விழுவதற்கு இரண்டு வழிகள் உண்டு என்று பாடநூலில் எழுதியிருக்கிறேன். ஒன்று, அதனிடம் ஒன்றும் இல்லாமல் போவது. மற்றது, ஒன்றும் இல்லை என்று எல்லோரும் நினைப்பது. இரண்டாவதற்கு உதாரணம் போதவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். அழித்துவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

காரணத்தைத்தான் சொல்ல முடியாது, கோட்பாட்டைச் சொல்லலாமே என்று தோன்றியது. டீக்கடைக்குப் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள். நான் போனதும் பேச்சு நின்றது. வகுப்பில் இப்படி ஒருநாளும் நின்றதில்லை.

"சங்கத்துல போட்ட பணம் பெட்டியில தூங்கிக்கிட்டு இருக்காது" என்று ஆரம்பித்தேன். "நூறு ரூபா போட்டா பத்து ரூபாதான் பெட்டியில இருக்கும். மீதியெல்லாம் பால்பாண்டி கம்பெனியில கடலையா, வெல்லமா இருக்கு. அதனால எல்லாரும் ஒரே நாள்ல போய்க் கேட்டா எந்தச் சங்கத்தாலயும் குடுக்க முடியாது. ஒலகத்துல எவ்வளவு பெரிய வங்கியாலயும் முடியாது."

பிறகு பால்பாண்டி கேட்டார்.

"அப்ப தொண்ணூறு ரூபா பெட்டியில இல்ல."

"இருக்கு. கடலையா இருக்கு."

"கடலைய நான் போன மாசமே மிட்டாய் போட்டு அனுப்பிட்டேனே சார்."

"அதுக்குப் பணம் வரும்லா?"

"வரும்போது வரும். இப்ப, மொதல்ல போறவனுக்குப் பணம் கிடைக்கும்?"

"கிடைக்கும்."

"கடைசியில போறவனுக்கு?"

"அதத்தான் சொல்லுதேன். யாருமே போகலன்னா..."

வாக்கியத்தை முடிக்கும்போது பெஞ்சில் டீக்கடைக்காரர் ஒருத்தர்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஜூன் 8, சனி

சங்கத்து வாசலில் தொடங்கிய வரிசை நூலகத்தைத் தாண்டி நிற்கிறது. நான் எத்தனையோ வருடம் நடத்திய பாடம் இது. ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் அத்தனை பேருக்கும் புரிந்தது இதுதான் முதல் தடவை.

ரேஷன் கடையில் துவரம்பருப்பு வந்திருந்தது. வரிசையே இல்லை. வாங்கி வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

விடுமுறை. ஆவுடையப்பன் மாவட்ட வங்கி அதிகாரியை வீட்டில் போய்ப் பார்த்து வந்திருக்கிறான். சங்கத்தின் காப்புநிதி அந்த வங்கியில்தான் கிடக்கிறது. அதைத் தர அவர்களுக்குச் சம்மதம்தான். வியாழக்கிழமை கூட்டத்தில் வைத்து ஒப்புதல் வாங்கித் தருவார்களாம். பெட்டியில் உள்ளது செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் தாங்கும் என்கிறான்.

ஷட்டரை இறக்கினால் பிறகு ஏற்ற முடியாது. மிட்டாய்க் கம்பெனிகளுக்குக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வேண்டிவரும். கேட்டால் கம்பெனிகள் மூடும். மூடினால் மிட்டாய் வெட்டும் பெண்களுக்குச் சம்பளம் இருக்காது, சேமிப்பும் இருக்காது. முதலில் மூட வேண்டியது பால்பாண்டி கம்பெனி; சங்கத்தில் பெரிய கடன் அவருடையதுதான். வரிசையில் முதலில் நிற்பவரும் அவர்தான், நாளுக்கு ஒரு ரசீதாக எடுக்கிறார்.

பாடநூலில், நெருக்கடியில் கடைசியாகக் கைகொடுப்பது மைய வங்கி, அது உடனடியாகப் பணம் தந்து உதவும் என்று எழுதியிருந்தேன். 'உடனடியாக' என்பதை அடித்தேன்.

செண்பகம் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியவற்றை எடுத்து வைத்தாள். நெஞ்சுப் பக்கம் பித்தான் வைத்த இரவு உடை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறாளாம். சங்கத்து விஷயம் எதுவும் நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் நான்கு நாளாகக் கோயிலைத் தவிர எங்கும் போகவில்லை.

ஜூன் 10, திங்கள்

ஓய்வூதியத்தில் பத்தாயிரத்தை எடுத்துக்கொண்டுபோய், எல்லோரும் பார்க்கும்படி, சங்கத்தில் போட்டேன். சார் போடுகிறார் என்று தெரிந்தால் மற்றவர்களும் நிதானிப்பார்கள் என்பது என் கணக்கு.

"பெருசா எடுத்துட்டுச் சிறுசாப் போடுதாரு" என்றது வரிசையில் ஒரு குரல்.

"தூண்டில்ல புழு கோத்த மாதிரி" என்றது இன்னொன்று.

எனக்குப் பின்னால் நின்றவர், "சார் கோவிச்சுக்கிடாதீக, என் பொண்ணு வளையல் பணம்" என்றார். கோபம் இல்லை என்றேன். ஆவுடையப்பன் கம்பிக்கு உள்ளே இருந்து என்னைப் பார்த்தான். பிறகு அடுத்த விண்ணப்பத்தை வாங்கினான்.

நான் வீட்டுக்கு வந்தபோது சங்கரவடிவு செண்பகத்திடம் பேசிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள். மகள் நர்சிங் படிப்புக்கு வைத்திருந்த பணம் சங்கத்தில் கிடக்கிறது. "மதினி, நீங்க எடுக்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் எடுக்கல" என்று வந்து கேட்டவள், வரிசை, டீக்கடைப் பேச்சு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். செண்பகம் பதில் சொல்லவில்லையாம். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாம பணம் எடுத்ததுனாலயா இவ்வளவும்?"

"ஒரு வகையில. கோட்பாட்டுப்படி, எதிர்பார்ப்புன்னு ஒன்னு..."

"கோட்பாட்ட விடுங்க. சங்கம் மூடுமா?"

"நாளைக்கு மத்தியானம்."

மிச்ச பீன்ஸையும் நறுக்கி முடித்தாள். காரணத்தைச் சொல்லிவிடட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாள்.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் செண்பகம் புறப்பட்டு வாசலில் நின்றாள். பச்சைக் கட்டம் போட்ட சேலை. "வாங்க, சங்கத்துக்குப் போயிட்டு வருவோம்" என்றாள்.

வரிசை வழிவிட்டது. அவள் படியேறி நின்று, முதலில் நின்ற பால்பாண்டியைப் பார்த்துத்தான் சொன்னாள். சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை.

"சொந்தக் காரணம் என்னன்னு இவுககிட்ட கேட்டீகளாம். நாந்தான். மார்ல கட்டி. சனிக்கிழம மதுரையில ஆபரேஷன். ஆஸ்பத்திரியில பணம் கேட்டாக, எடுத்தாக. காசிக்கு யாரும் போகல, அது நாஞ் சொன்ன பொய். சங்கத்துல பணம் இல்லன்னு இவுகளுக்கு எந்தத் துப்பும் கெடைக்கல. இவுகளுக்கு அப்பிடித் துப்பு கெடைக்கிற அளவுக்கு வெவரம் இருந்தா, நூறு ரூபாயில பத்து ரூபாதான் பெட்டியில இருக்குன்னு டீக்கடையில வந்து சொல்லுவாகளா?"

யாரோ சிரித்தார்கள், பிறகு சிரித்ததற்காக இருமினார்கள். ஆவுடையப்பன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவள் உட்காரவில்லை.

பால்பாண்டி விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "மன்னிச்சுக்கோங்கக்கா" என்றார். வரிசையின் நடுவிலிருந்து ஒரு அம்மாள், "எங்க அத்தை ஒருத்திக்கும் இப்பிடித்தான் மார்ல..." என்று தொடங்கினாள். செண்பகம் திரும்பிப் பார்த்தாள். அத்தை அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

பதினோரு மணிக்குச் சங்கத்து வாசலில் செருப்பு ஒன்றுதான் கிடந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து செண்பகம் படுத்துக்கொண்டாள். மத்தியானம் நான் ரசம் வைத்தேன்.

ஜூன் 12, புதன்

சங்கத்து வரிசை எங்கள் வீட்டுக்கு மாறியிருக்கிறது. ஹார்லிக்ஸ் அலமாரியில் இடம் இல்லாமல் அரிசி டிரம்மின் மேல் அடுக்கியிருக்கிறேன். நேற்று வழியில் நின்றுபோன அத்தை இன்று முழுதாக வந்து சேர்ந்தார். ஆறு மாதம் படுக்கையில் இருந்தாராம். இந்த ஊரில் அத்தைகள் மிக அதிகம். ஒருத்தரும் பிழைக்கவில்லை.

செண்பகம் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். ஆட்கள் போன பிறகு கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் துணி துவைத்தாள். துவைக்கத் துணி அவ்வளவு இல்லை.

ஜூன் 13, வியாழன்

காலையிலேயே ஆவுடையப்பன் போன். குரல் சரியில்லை.

"சார், மறுபடியும் எடுக்க ஆரம்பிச்சிட்டாக."

"மறுபடியுமா? யாரு?"

"எல்லாரும். ஐந்நூறு, ஆயிரம்னு. சேமிப்புக் கணக்குல எடுக்கதுக்குக் காரணம் எழுத வேண்டாம்னு சொன்னாலும் கேக்கமாட்டேங்காக. 'செண்பகம் அக்கா ஆபரேஷன்'னு எழுதிக் குடுக்காக."

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு போகமாட்டார்கள். புறப்படும்போது கையில் பணத்தைத் திணிப்பது இங்கே வழக்கம். வேண்டாம் என்றால் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். சங்கரவடிவு வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து வைத்தாள். பால்பாண்டி வைத்தது கனமான கவர். அவரும் சங்கத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார்.

மாவட்ட வங்கிக் கூட்டம், போதிய உறுப்பினர் வராததால், அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று.

சாயங்காலம் அத்தனையையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, கடைத்தெரு வழியாகவே நடந்துபோய், சங்கத்தில் செண்பகம் பெயரில் கணக்குத் தொடங்கிப் போட்டுவிட்டு வந்தேன். ஆவுடையப்பன் நோட்டுகளைப் பார்த்து, "இதெல்லாம் காலையில நாந்தான் எண்ணிக் குடுத்தேன் சார்" என்றான்.

காலையில் சங்கத்திலிருந்து புறப்பட்டு, மத்தியானம் எங்கள் வீட்டுத் தலையணைக்கு அடியில் இருந்துவிட்டு, சாயங்காலம் சங்கத்துக்கே திரும்புகிறது பணம். இரண்டாம் அத்தியாயத்தில் வருமானச் சுழற்சிக்கு நான் வரைந்திருக்கும் வட்டப் படம் இதுதான். படத்தில் கசிவு என்று ஓர் அம்புக்குறி வெளியே போகும். இங்கே கசிவது ஹார்லிக்ஸ்.

ஜூன் 14, வெள்ளி

மதுரை. அறையில் ஜன்னல் இருக்கிறது. பின்பக்கம் லாண்டரி.

ஜூன் 15, சனி

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே உட்கார்ந்து ஏழாம் அத்தியாயம் மூன்று பக்கம் எழுதினேன். மத்தியானம் வெளியே கொண்டுவந்தார்கள். மயக்கத்தில் என்னைப் பார்த்து, "சாப்டீகளா" என்றாள்.

எழுதிய மூன்று பக்கத்தையும் பிறகு எடுத்து வாசித்தேன். மூன்றிலும் ஒரே பத்திதான் இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

ஆவுடையப்பன் பேசினான். நேற்றுச் சங்கத்தில் வந்த பணம், போன பணத்தைவிட அதிகமாம். சார் மஞ்சள் பையோடு வந்து போட்டதைக் கடைத்தெருவே பார்த்ததில் பேச்சு திரும்பிவிட்டதாம். எடுத்தவர்கள் திரும்பப் போடுகிறார்களாம். "நீங்க ஒன்னும் சொல்லாம இருந்ததுதான் சார் பெரிய உதவி" என்றான்.

ஜூன் 21, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் நிதானமாகச் சொன்னார். கெட்ட கட்டிதான். சீக்கிரமே பார்த்ததால் பரவவில்லை, முழுக்க எடுத்தாயிற்று. அடுத்த மாதம் சில வாரம் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்.

செண்பகம் அவரிடம் கேட்டது ஒன்றுதான். "எங்க ஊரு அத்தைகளெல்லாம் ஏன் டாக்டர் பிழைக்கல?"

"பிழைச்சவுங்க கதையச் சொல்றதுக்கு யாரும் ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வர்றதில்லம்மா" என்றார் டாக்டர்.

கீழே வந்து இரண்டு காபி வாங்கினேன். இரண்டையும் நானே குடித்துவிட்டு, அவளுக்கு இன்னொன்று வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

ஜூலை 1, திங்கள்

பாடநூலை நேற்று அனுப்பிவிட்டேன்.

செண்பகம் இன்று தானே சங்கத்துக்கு வருவதாகச் சொன்னாள். நாங்கள் ஊரில் இல்லாதபோது சங்கரவடிவிடம் கொடுத்துவிட்டுப் போனவர்களின் பணத்தைப் போட வேண்டும். எல்லோருக்கும் அவரவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டியது. அவளால் இடக்கையை இன்னும் முழுதாகத் தூக்க முடியவில்லை. பையை வலக்கையில் பிடித்துக்கொண்டாள்.

மாதத்தின் முதல் நாள், மிட்டாய்க் கம்பெனியில் சம்பளம். பணம் போடுகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். அவளை முன்னால் போகச் சொன்னார்கள். போகவில்லை. கடைசியில் நின்றாள், நான் அவளுக்குப் பின்னால். யாரும் அத்தை கதை சொல்லவில்லை. எண்ணெய் விலை, பள்ளிக்கூட வேன் கட்டணம், புளி விலை என்று பேச்சு போனது. செண்பகமும் பேசினாள். மூன்று வாரமாக அவள் இப்படிப் பேசி நான் கேட்கவில்லை.

பால்பாண்டி முன்னாலிருந்து திரும்பினார். "ஏன் சார், புளி இப்பிடி ஏறுதே, எதுனால?"

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. கம்பிக்கு உள்ளே ஆவுடையப்பன் எண்ணிக்கொண்டிருந்த நோட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். எனக்குக் காரணம் தெரியும். வரத்துக் குறைவு, போக்குவரத்துச் செலவு, இன்னும் ஏறும் என்று நினைத்து வாங்கி வைக்கிறவர்கள். நல்ல உதாரணம்கூட ஒன்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

செண்பகம் திரும்பவில்லை. பையை இன்னொரு விரலுக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியலியேப்பா" என்றேன்.

ஆவுடையப்பன் மறுபடியும் எண்ண ஆரம்பித்தான். வரிசை நகர்ந்தது.